உள்ளே கை இருக்கு

எங்கள் பாட்டு முதன்முதலாக நின்றுபோனது ஜப்பானில், ஒரு கரோக்கி அறையில். அதன்பிறகு மலேசியாவில், ஜொகூரில். அதன்பிறகு நாகர்கோவிலில் ஒரு கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணை மூடி உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது. கிதார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. மனுசன் தனியாக இழுத்துக்கொண்டே போய், கண்ணைத் திறந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, கரண்ட் போய்விட்டதென்று நினைத்து மேடையை விட்டு இறங்கிவிட்டார். அவர் இறங்கி உட்கார்ந்த பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கியது.

இதைச் சொல்வதற்காகச் சங்கமித்ரா சென்னையிலிருந்து வந்து, எங்கள் ஷிப்ட் முடியும்வரை தூத்துக்குடி துறைமுக வாசலில் வெயிலில் நின்றாள். கரோக்கி கம்பெனியின் எஞ்சினியர் அவள். கேட்டுவிட்டுக் கித்தேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“சித்தப்பாவுக்குப் போதை தெளிஞ்சிருக்கும்.”

“சிரிக்காதீங்கண்ணா. இன்னும் சில ஊர்ல மட்டும்தான் போட்டுப் பார்த்திருக்கோம். அதுலயே இப்படி நிக்குது. மெஷின்ல கோளாறு இல்ல, அலசிட்டோம். நீங்க வாசிச்சதுலதான் என்னமோ இருக்கு.”

“நாங்க வாசிச்சதுல கோளாறா? ஏல இசக்கி, கேட்டியால?”

கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பின்னணித் தடம் சரிவரவில்லை என்றால் எங்கள் பாடகி பிலோமியக்காவின் பெயரில் வேறொருத்தி பாடுவாள். அது வேண்டாம் என்று சொன்னவள் அக்கா.

யார், என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் பெயர் ‘துரு’. ராக் இசை. பாடுவது பிலோமியக்கா, மீன் கம்பெனி ஐஸ் அறையில் வேலை. கிதார் தொம்மை, விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். டிரம்ஸ் கித்தேரியான், பேஸ் நான். நாங்கள் இரண்டு பேரும் துறைமுகத்தில் லாஷிங் ஆட்கள். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர் பெட்டிகளை ஆடாமல் இரும்பு ராடு போட்டுக் கட்டுவதற்குப் பெயர் லாஷிங். தொம்மையும் முன்பு எங்களோடு அந்த வேலையில் இருந்தவன்தான். ஆளில்லாமல் கிரேன் ஓடுகிறது, மாலுமி இல்லாமல் கப்பலே வந்து நிற்கிறது. ஆனாலும் ராடு போட மட்டும் இன்றைக்கும் மனுசக் கைதான். துருப்பிடித்து வளைந்த ஓட்டையில் கொக்கி மாட்டுகிற மெஷினை இதுவரை யாரும் செய்யவில்லை.

ஒரு காலத்தில் திருவனந்தபுரம் வரை கல்லூரிகளில் எங்களுக்குக் கூட்டம் முண்டியடித்தது. மேடையில் அவ்வளவு விசிலையும் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை ஷிப்டுக்குக் கப்பல் ஏறினோம். ஒருத்தரும் வேலையை விடவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு கழுத்திலுள்ள ஓட்டை வழியாக ஓடுகிறது. பேச வேண்டுமென்றால் கட்டை விரல் கனத்தில் ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். அது ரீங்கரிக்கும், வாயசைவு அதைச் சொல்லாக்கும். ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரே சுரம். நாங்கள் அதை ‘வண்டு’ என்போம். அந்தப் பெயரை வைத்தது அக்காதான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ஒரு பாட்டு எழுதினாள்.

*உப்பு கரைஞ்சா தண்ணி உப்பாகும்,*
*நான் கரைஞ்சா நீ என்ன ஆவ?*

அதற்கு நாங்கள் மூன்று பேரும் மெட்டுக் கட்டினோம். ‘துரு’ திரும்பி வருகிறது என்று எப்படியோ சேதி பரவி, இந்தக் கரோக்கி கம்பெனி தேடி வந்தது. அக்காவின் பழைய பாட்டுகளை மெஷினுக்குக் கொடுத்தால் அதே குரலில் புதுப் பாட்டைப் பாடிவிடும் என்றார்கள். ஊர் உலகத்தில் இப்போது எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். இறந்தவர்கள் கூட வருஷத்துக்கு ஒரு பாட்டு வெளியிடுகிறார்கள்.

அக்கா வண்டை எடுத்துக் கழுத்தில் வைத்தாள்.

“அவ ஐஸ் ரூம்ல நின்னுருக்காளா?”

“யாரு மேடம்?” என்றாள் சங்கமித்ரா.

“நீங்க செய்யப் போறியளே, அவ. வெரல் மரத்து நின்னுருக்காளா? கழுத்தறுத்துப் படுத்துருக்காளா? பாடட்டும். வேற பேரு வச்சுக்கச் சொல்லுங்க. எம் பேரு வேண்டாம்.”

சங்கமித்ரா கெட்டிக்காரி. கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் பாடகியே இல்லாமல் பாட்டை வெளியிடுவோம் என்றாள். வெறும் பின்னணி மட்டும். பாடுவது கேட்கிறவர்கள் பாடு.

“கரோக்கின்னா பஸ் மாதிரி மேடம். அது பாட்டுக்கு ஓடும், பாடுறவங்கதான் பின்னாடி ஓடி ஏறணும். நாங்க செய்யற தடம் ஷேர் ஆட்டோ மாதிரி. கை காட்டுனா நிக்கும். வயசானவங்கன்னா மெல்ல எடுக்கும். நீங்க சுருதி எறங்குனா அதுவும் எறங்கும், வரியை மறந்தா சுத்திச் சுத்தி வாசிச்சுட்டு நிக்கும். பக்கத்துல ஆளுங்க உக்காந்து வாசிக்கிற மாதிரி.”

“அதை எப்படி மெஷின் செய்யும்?” என்று தொம்மை கேட்டான்.

“உங்ககிட்ட கத்துக்கிட்டுத்தான். நல்லா பாடுறவங்க, மோசமா பாடுறவங்க, எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நீங்க அவங்களுக்கு வாசிங்க. மணிக்கட்டுலயும் காதுக்குப் பின்னாலயும் ஒரு பட்டை கட்டுவோம். விரல் அசையறதுக்கு முன்னாடி நரம்புல என்ன ஓடுதுன்னு அது படிச்சுக்கும்.”

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தன் பாட்டை ஊரே பாடப்போகிறது, தன் பெயரில் யாரும் பாடப்போவதில்லை. கம்பெனி மேலிடம் ஒரு நிபந்தனை போட்டது. தடம் சரியாக ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் மெஷின் குரலோடு பாட்டு வெளிவரும், அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும்.

“ஓடும்” என்றாள் அக்கா. “எம் பயலுவ வாசிப்பானுவ.”

கப்பல்துறையை ஒட்டி ஒரு பழைய உப்புக் கிட்டங்கியைப் பிடித்து, அதில் மைக்கும் கருவிகளும் வைத்தார்கள். ஷிப்ட் முடித்து அங்கே போய் வாசித்தோம். எத்தனை விதமான தொண்டைகள்! தாளம் தவறுகிற வக்கீல், வரிக்கு வரி அழுகிற ஒரு டீச்சரம்மா, மைக்கைப் பார்த்ததும் வாயே திறக்காத போலீஸ்காரர். எல்லாருக்கும் வளைந்து கொடுத்தோம். மெஷின் எங்களைப் படித்துக்கொண்டது. இப்போது அது நிற்கிறது.

துறைமுக வாசலிலிருந்து நேராகக் கிட்டங்கிக்குப் போனோம். தொம்மை வந்து சேர்ந்தான். டீ வந்தது. சங்கமித்ரா தன் கருவியைத் திறந்தாள்.

“நாங்க பயிற்சி எடுத்தப்போ பதிஞ்ச சத்தத்துல, உங்க வாசிப்பையும் பாட்டையும் எடுத்துட்டு மிச்சம் என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். காத்து, காக்கா, கப்பல் ஹாரன். வேற ஒண்ணும் இல்ல. நீங்களும் கேளுங்க.”

ஓடவிட்டாள். வெறும் இரைச்சல். நாங்கள் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் தூரத்தில் இரும்பில் இரும்பு படுகிற சத்தம். டங், டங். பிறகு காற்று. கொஞ்சம் கழித்து இன்னொரு டங். ஹாரன்.

சங்கமித்ரா ஒலியை நிறுத்தினாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்போ ஏன் டீ குடிக்கறதை நிறுத்துனீங்க?”

“யாரு நிறுத்துனா?” என்றான் தொம்மை.

“மூணு பேரும். கிளாஸ் வாய்க்குப் பக்கத்துல வந்து அப்படியே நின்னுச்சு. அந்த மூணாவது சத்தம் வந்ததும்தான் குடிச்சீங்க.”

மறுபடி போட்டாள். டங், டங். என் கை நின்றது. நான் நிறுத்தவில்லை, அது நின்றது. பக்கத்தில் கித்தேரி ஊதுவதற்குக் குவித்த வாயோடு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். டங். ஊதினான். அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

“ஏ ஆத்தாடி” என்றான். “இதுவா விஷயம்!”

நான் அவளுக்கு விளக்கினேன். ராடின் மேல்நுனிக் கொக்கியை நான் பெட்டியின் மூலை ஓட்டையில் மாட்டுவேன். கீழ்நுனி ஒரு திருகுக் கூட்டில் உட்கார வேண்டும். கித்தேரி குனிந்து கூட்டுக்குள் கையை விட்டு அதை உட்கார வைப்பான். பிறகு நான் திருகி இறுக்குவேன். என் கண் மேலே, அவன் தலை கீழே. கப்பல் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் கையை உள்ளே விடுமுன் ஸ்பேனரால் ராடில் இரண்டு தட்டு.

“ரெண்டு தட்டுன்னா?”

“உள்ள கை இருக்கு. ஒருத்தனும் அசையப்படாது. பக்கத்து வரிசைக்காரனும் அசையப்படாது, எந்தத் தட்டு எவன் தட்டுனதுன்னு தெரியாதுல்லா. கைய எடுத்த பொறவு ஒரு தட்டு. அப்பந்தான் திருகணும்.”

இந்தக் கிட்டங்கியில் நாங்கள் வாசித்தபோதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் நின்றிருக்கிறது. யாரோ தட்டியிருக்கிறார்கள், நாங்கள் நின்றிருக்கிறோம். மூன்றாவது தட்டில் எடுத்திருக்கிறோம். பாடுகிறவர் மூச்சு வாங்கக் காத்திருக்கிறோம் என்று இவள் நினைத்திருக்கிறாள். எங்களுக்கே தெரியாது.

சங்கமித்ரா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“ஜப்பான்ல கிளாஸோட கிளாஸ் இடிச்சுக்கிட்டாங்க. நாகர்கோவில்ல சாம்பார் வாளியில கரண்டி. ரெண்டு தட்டு. இது உடனே எங்கேயோ ஒருத்தர் கை உள்ள இருக்குன்னு நினைச்சு நிக்குது.”

“நிக்கட்டுமே” என்றான் கித்தேரி. “நல்ல பழக்கந்தான ஏத்துக்கிட்டுருக்கு. ஒங்க கம்பெனியில வேற எந்த மெஷினாவது நிக்குமா?”

அன்றைக்கு எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. ஜப்பானில் ஒரு கரோக்கிப் பெட்டிக்குள் இருக்கிற என் கை, முகம் தெரியாத ஒருத்தன் விரலுக்காக நிற்கிறது. யாருக்குக் கிடைக்கும் இது?

கம்பெனிக்கு அப்படித் தோன்றவில்லை. நிற்கிற பாட்டை யார் வாங்குவார்கள்?

“அந்தப் பழக்கத்தை மட்டும் வெட்டி எறிய முடியாதா?” என்று தொம்மை கேட்டான்.

“வெட்டிப் பார்த்தோம்ணா. காத்திருக்கற குணமே சேர்ந்து போயிடுது. பாடுறவங்க மேல லாரி ஏத்துற மாதிரி ஓடுது. ரெண்டும் ஒரே நரம்புல இருக்கு.”

“முதல்லேர்ந்து வாசிச்சா?”

“மாசக்கணக்கு ஆகும். வெளியீட்டு நாள் சொல்லியாச்சு. ஒரே வழிதான் இருக்கு. தட்டுச் சத்தத்தை நான் போடுவேன். அதைக் கேட்டும் நீங்க நிக்காம வாசிக்கணும். காதை அடைச்சுக்கிட்டு ஏமாத்த முடியாது, பட்டை நரம்பைப் படிக்குதே. நிஜமாவே நிக்கக் கூடாது. நீங்க மறந்தா அதுவும் மறக்கும்.”

பழகினோம். பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் டங் டங் விழ விழ வாசித்தோம். முதலில் சுத்தமாக முடியவில்லை. தட்டு விழுந்ததும் பஸ்ஸுக்குப் பிரேக் போட்ட மாதிரி மூன்று பேரும் நின்று, ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு எரிச்சல் வந்தது. கித்தேரி குச்சியைத் தூக்கி எறிந்தான், பிறகு அவனே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான். பிலோமியக்கா ஐஸ் அறையிலிருந்து வருகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். அவள் நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கு எப்படியாவது மறந்துவிட வேண்டும் என்று வெறி வரும்.

மறக்கத் தொடங்கினோம். முதலில் தொம்மை. பிறகு நான். ஒருநாள் பாட்டு முழுவதும் தட்டு விழுந்துகொண்டே இருந்தது, நாங்கள் ஓடிக்கொண்டே இருந்தோம். சங்கமித்ரா கை தட்டினாள். “மெஷின்லயும் குறையுது. இன்னும் கொஞ்சந்தான்.” எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஷிப்டில் ஒரு பெரிய கப்பல். மேல்தட்டில் நல்ல காற்று. நான் கொக்கியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கித் திருகுக் கம்பியைப் பிடித்தேன். கித்தேரி தட்டினான். டங், டங். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. என் மனசுக்குள் பாட்டின் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது, என் கை அதோடு சேர்ந்து ஓடியது. திருகினேன்.

கால் சுற்று இருக்கும். அவன் அலறல் இரைச்சலைத் தாண்டி வந்தது.

திருப்பிச் சுற்றி விடுவித்தேன். நடுவிரல் நகம் கூட்டிலேயே இருந்தது. நுனி நசுங்கியிருந்தது, எலும்பு தப்பியது. கையுறை கெட்டித் தோல், அதனால் தப்பியது. கித்தேரி பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து கையை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் திட்டவில்லை.

“நீ இல்லன்னா நான் செஞ்சுருப்பேன்ல” என்றான். “நேத்து எனக்கும் கை நிக்கல. ஒங்கிட்ட சொல்லல.”

அன்று மாலை பட்டைகளைக் கழற்றிச் சங்கமித்ராவின் மேசையில் வைத்தோம். அவள் கித்தேரியின் கட்டைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“இனி வாசிக்க வேண்டாம்ணா. நான் மேல பேசிக்கறேன்.”

“பேசுனா?”

“நிக்கற தடத்தை ஏத்துக்க மாட்டாங்க. அப்புறம்...” அவள் முடிக்கவில்லை. வாசலில் பிலோமியக்கா நின்றுகொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை. நேராகக் கித்தேரியிடம் வந்து, அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வண்டை எடுத்தாள்.

“எப்படி டிரம்ஸ் அடிப்ப?”

“இன்னும் ஒம்போது வெரல் இருக்குக்கா.”

“மூதேவி.” அந்த ஒற்றைச் சுரத்தில் அது இன்னும் பாசமாகக் கேட்டது. அவள் சங்கமித்ரா பக்கம் திரும்பினாள். “அந்தப் பிள்ளய பாடச் சொல்லு.”

“எந்தப் பிள்ள மேடம்?”

“மெஷின் பிள்ள. எம் பேர வச்சுக்கிடட்டும். எம் பாட்டுக்காக இவனுவ கை போகண்டாம்.”

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். தொம்மை, பாட்டே வேண்டாம், கிழித்துப் போடு என்றான். நான் என்னமோ சொன்னேன், நினைவில்லை. அக்கா கையைக் காட்டி அடக்கினாள். வண்டு வைத்துப் பேசுகிறவளிடம் சத்தம் போட்டு ஜெயிக்க முடியாது. அவள் காத்திருப்பாள், நமக்குத்தான் மூச்சு முட்டும்.

“பாட்டு வெளிய வரணும்” என்றாள். “நான் சாகக் கெடந்தப்ப எழுதுனது. எவ பாடுனா என்ன, வரி என் வரி. எங்க கையெழுத்துப் போடணும்?”

“கையெழுத்து செல்லாது மேடம்” என்றாள் சங்கமித்ரா மெதுவாக. “குரலைக் குடுக்கறதுன்னா சம்மதத்தைக் குரல்லயே சொல்லணும். மைக்கு முன்னாடி. அதான் சட்டம்.”

அக்கா சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. “இல்லாத குரல குடுக்க இருக்கிற குரல்ல சொல்லணுமோ? சரி.”

மைக்கின் முன்னால் போய் நின்றாள். சங்கமித்ரா சொல்ல வேண்டியதை எடுத்துக்கொடுத்தாள். அக்கா கழுத்தில் வண்டை அழுத்தினாள்.

“பிலோமினா ரோச் ஆகிய நான்...”

டிரம்ஸ் தொடங்கியது.

எல்லாரும் திடுக்கிட்டோம். கித்தேரி கையைத் தூக்கிக் காட்டினான், நான் இல்லை என்று. பயிற்சிக்காகப் போட்டிருந்த தடத்தை யாரும் அணைக்கவில்லை. மைக்கில் குரல் கேட்டதும் மெஷின் வந்துவிட்டது. அக்கா பேச்சை நிறுத்தினாள். டிரம்ஸ் அடங்கி, ஹைஹாட் சிம்பலில் மெல்லத் தட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. அது கித்தேரி காத்திருக்கிற விதம்தான்.

“அணைச்சிடறேன் மேடம், சாரி...”

அக்கா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். மைக்கைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மறுபடி வண்டை வைத்தாள்.

“உப்பு கரைஞ்சா...”

என் பேஸ் உள்ளே வந்தது. நான் தொடவில்லை, அது சுவரில் சாய்ந்து நின்றது. வண்டின் சுரம் எதுவோ அதைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே போய்த் தாங்கியது.

“தண்ணி உப்பாகும்...”

அவளால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஒரே சுரம், ஈ இரைகிற மாதிரி. ஆனால் பேஸ் ஒரு படி கீழே இறங்கியது, அதே சுரம் அழுகிற மாதிரி ஆனது. கிதார் ஒரு படி மேலே ஏறியது, அதே சுரம் நிமிர்ந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைச் சுற்றி நாங்கள் நகர்ந்தோம். நாங்கள் என்றால் பெட்டிக்குள் இருந்த நாங்கள். தொம்மை வாயைப் பிளந்துகொண்டு, “நான் இப்படி வாசிப்பனால?” என்று என் காதில் கேட்டான்.

“ஒனக்கு இப்பிடி ஒரு ஆளுக்கு வாசிக்க வாய்ச்சதில்ல. வாய்ச்சா வாசிப்ப” என்றேன்.

நடுவில் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பலில் தட்டு விழுந்தது. டங், டங். எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. நின்றதே! இந்தச் சனியன் பயிற்சியெல்லாம் தாண்டி அது எங்களுக்குள் மிச்சமிருந்தது. மெஷினும் நின்றது. அக்கா கழுத்து ஓட்டையில் துணியை ஒற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளி அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. மூன்றாவது தட்டு விழுந்ததும் அக்காவும் பெட்டிக்குள் இருந்த நாங்களும் சேர்ந்து எடுத்தோம்.

*நான் கரைஞ்சா நீ என்ன ஆவ?*

முழுப் பாட்டையும் முடித்துவிட்டுத்தான் வண்டைக் கீழே இறக்கினாள். வேர்த்து நனைந்திருந்தாள்.

சங்கமித்ரா தன் கருவியைப் பார்த்தாள். “பதிஞ்சிருக்கு மேடம்” என்றாள். “சம்மதம் பதியத்தானே மைக்கைப் போட்டேன். பாட்டு பதிஞ்சிருக்கு.” கொஞ்சம் விட்டு, “மெஷின் குரல் வேண்டாம்னு எழுதிடறேன். மூலக் குரல் இருக்கே” என்றாள்.

“நிக்குமேம்மா?” என்றான் கித்தேரி.

“நிக்கட்டும். நின்னா என்ன பண்ணணும்னு திரையில எழுதிடலாம். ‘உள்ளே கை இருக்கிறது, காத்திருக்கவும்.’ மேலிடத்துல கேட்டா, இது பாட்டோட பாகம்னு சொல்றேன்.”

மேலிடத்தில் அவள் என்ன பேசினாள், எப்படிப் பேசினாள் என்று எங்களுக்கு முழுசாகத் தெரியாது. பாட்டு சொன்ன நாளில் வெளிவந்தது, அக்காவின் குரலோடு. அவளுடைய இன்றைக்கு இருக்கிற குரலோடு.

நிறையப் பேர் திட்டினார்கள். ஷேவிங் மெஷின் பாடுகிறதா என்று எழுதினார்கள். ஆனால் பாடினார்கள். ஊர் ஊராகப் பாடினார்கள். வேண்டுமென்றே நடுவில் கிளாஸைத் தட்டி, அறை முழுக்க மூச்சுப் பிடித்து நின்று, மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தார்கள். கித்தேரியின் விரல் ஆறிவிட்டது, நகம் கோணலாக வளர்கிறது. என் கை பழையபடி நிற்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் நிற்கிறதா என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அக்கா வீட்டில் எல்லாரும் மீன்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சங்கமித்ரா கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டோம்.

“ஒரு விஷயம் தெரியுமாண்ணா? கரோக்கில பாடி முடிச்சதும் மெஷின் மார்க் போடும். மூலக் குரலோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்த்து நூத்துக்கு இவ்வளவுன்னு. நம்ம பாட்டுல பெரிய பெரிய பாடகருங்க எல்லாம் நாப்பதைத் தாண்டல. கமகம் போடறாங்க, ஏறி இறங்கறாங்க. ஒரு சினிமா பாடகி மூணு நாளா உக்காந்து பாடி முப்பத்தெட்டு.”

தொம்மைக்குப் புரையேறியது.

“இன்னைக்குக் காலைல ஒருத்தர் நூத்துக்கு நூறு வாங்கிட்டாரு. கொழும்புல. ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்லிக்கிட்டு இருந்தவராம். தொண்டை ஆபரேஷன் ஆகி, பிலோமி மேடம் வெச்சிருக்காங்களே, அதே கருவி. பேசறதுக்கே வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருந்தவரை, பேத்தி கூட்டிட்டுப் போயிருக்கு. மார்க்கைப் பார்த்துட்டு அந்த அறையில எல்லாரும் எழுந்து நின்னாங்களாம். அவரு இப்போ வரிசையா மூணாவது தடவை பாடிக்கிட்டு இருக்காரு. எறங்க மாட்டேங்கறாராம்.”

நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் கண் நிறைந்திருக்கும், என்னமோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தோம். அக்கா சோற்றுக் கையைக் கழுவினாள். துடைத்தாள். வண்டை எடுத்தாள்.

“போடு” என்றாள்.

“எதக்கா?”

“பாட்ட. மார்க் போடுமாமே. எனக்கு எவ்வளவு போடுதுன்னு பாப்போம்.”

தொம்மை தன் போனில் தடத்தைப் போட்டான். நின்றுகொண்டு பாடினாள், ஐஸ் அறைக்காரியின் நிமிர்ந்த முதுகோடு. பாடி முடித்தாள். திரையில் எண் வந்தது. தொண்ணூற்று ஒன்று.

கித்தேரி சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். அக்காவின் முகம் சிவந்தது. மேடையில் யாராவது தன்னைவிட நன்றாகப் பாடிவிட்டால் முன்பு அவளுக்கு வருமே, அந்தச் சிவப்பு. அதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“எம் பாட்டுல எனக்கே மார்க் கொறைக்கா? ஸ்டேஷன்காரன் நூறாமே, பாத்துடுதேன்.” வண்டைக் கழுத்தில் நன்றாக அழுத்தினாள். “இன்னொரு தரம் போடுல.”